உறைபனியும் கண்ணாடித் தகடும்: சாமுவேல் போர்ன்

நுழையும்முன்

மார்கழி விடியலில் திருவாண்டார்கோயில், வில்லியனூர், பாகூர் பகுதிகளின் வயல்வெளிகளில் பனிமூட்டம் படர்ந்திருக்கும். வரப்பில் நடப்பவர் நிழலுருவாய்த் தோன்றி மறைவார். கைப்பேசியை உயர்த்தினால் அக்காட்சி நொடியில் படமாகிவிடுகிறது. ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர், பனிக்காட்சி ஒன்றைப் படமாக்கக் கூடாரமும் கண்ணாடித் தகடுகளும் வேதிப்பொருள்களும், அவற்றை மலைமேல் சுமந்து செல்லப் பல தோள்களும் தேவைப்பட்டன. இமயமலையின் கடுங்குளிரில் அத்தகைய படங்களை உருவாக்கியவர் சாமுவேல் போர்ன். அவருடைய வாழ்க்கை ஒரு கலைஞரின் விடாமுயற்சியைக் காட்டுகிறது. அக்கலைக்குப் பின்னே பெயரின்றி நின்றவர்களின் உழைப்பையும் நினைவூட்டுகிறது.

வங்கியிலிருந்து மலைக்கு

சாமுவேல் போர்ன் 1834ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இங்கிலாந்தின் மக்கிள்ஸ்டன் என்னும் சிற்றூரை அடுத்த உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் நாட்டிங்காம் நகரில் வங்கி எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். பகலெல்லாம் கணக்கேடுகளோடு கழிந்த அவருடைய வாழ்க்கையில், ஓய்வு நேரம் முழுவதையும் ஒளிப்படக்கலை ஆட்கொண்டது.

அக்காலத்தில் ஒளிப்படக்கலை மிகவும் இளையது. பிரான்சு நாட்டின் தாகேர் கண்டறிந்த முறை 1839இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிறந்த போர்னும் அக்கலையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தனர் எனலாம். 1858இல் போர்ன் இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த வடமேற்கு மலைப்பகுதிக்குச் சென்று இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு நாட்டிங்காம் கண்காட்சியிலும், 1862இல் இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சியிலும் அவருடைய படங்கள் இடம்பெற்றன.

பாராட்டுகள் அவருக்குத் துணிவைத் தந்தன. வங்கிப் பணி மாதந்தோறும் ஊதியம் தந்தது; பாதுகாப்பும் அளித்தது. ஆயினும் போர்ன் அதனை விட்டு விலகினார். ஒளிப்படக்கலையையே தொழிலாக ஏற்றுக் கப்பலேறி, 1863இன் தொடக்கத்தில் கல்கத்தாவை வந்தடைந்தார். அங்கிருந்து வடஇந்திய நகரங்களைக் கடந்து, இமயத்தின் மடியிலுள்ள சிம்லாவை அடைந்தார். வில்லியம் ஹோவர்டு என்பவரோடு இணைந்து அங்கே ஒளிப்பட நிலையம் நடத்தினார். பின்னர் சார்லசு செப்பர்டும் அவர்களோடு சேர்ந்தார். ஹோவர்டு விலகியபின் அந்நிறுவனம் போர்ன் அண்டு செப்பர்டு என்னும் பெயரால் இந்தியா முழுவதும் அறியப்பட்டது.

ஈரம் காயும் முன்

போர்னின் சாதனையை உணர வேண்டுமானால், அவர் கையாண்ட முறையை அறிந்துகொள்ள வேண்டும். அன்று வழக்கிலிருந்தது ஈரத் தகட்டு முறை. பருத்தியை அமிலங்களால் பக்குவப்படுத்தி, ஈதரிலும் ஆல்ககாலிலும் கரைத்தால் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான நீர்மம் கிடைக்கும். அயோடைடு உப்புக் கலந்த அந்நீர்மத்தைத் தூய கண்ணாடித் தகட்டின்மேல் சீராகப் பரப்ப வேண்டும். பின்பு இருட்டில் வைத்து அத்தகட்டை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும் தன்மை பெறும்.

அந்த ஈரம் காயும் முன்னரே தகட்டைக் கருவியில் பொருத்தி, வில்லையின் மூடியைத் திறந்து, நொடிகளை எண்ணி, மீண்டும் மூட வேண்டும். உடனே இருட்டறைக்குள் சென்று உருத்துலக்கி, கழுவி, நிலைப்படுத்த வேண்டும். இவையனைத்தும் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். ஈரம் காய்ந்துவிட்டால் தகடு பயனற்றதாகிவிடும். ஆகவே படம்பிடிப்பவர் எங்குச் சென்றாலும் இருட்டறையும் உடன் செல்ல வேண்டியிருந்தது. போர்ன் அதற்கெனத் தனிக் கூடாரமொன்றை மலைதோறும் கொண்டு சென்றார். அவர் பெரிதும் பயன்படுத்திய தகடுகள் 12 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்டவை. எளிதில் உருப்பெருக்கும் வசதி இல்லாத காலமாதலால், படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடியும் அதற்கேற்ற கருவியும் வேண்டியிருந்தன.

சமவெளியிலேயே கடினமான இம்முறை, உறைபனியில் பன்மடங்கு கடினமாகியது. குளிரில் வேதிவினைகள் மெதுவாக நிகழும். கழுவுவதற்கு வேண்டிய நீர் உறைந்து கிடக்கும். விரல்கள் மரத்துப்போனால் தகட்டின்மேல் நீர்மத்தைச் சீராகப் பரப்ப இயலாது. பனியின் வெண்மையும் தேவதாரு மரங்களின் கருமையும் ஒரே படத்தில் தெளிவாக அமைவது அரிது. பனிக்கு ஏற்ற அளவு ஒளியைப் பதித்தால் மரங்கள் இருண்டுபோகும். மரங்களுக்கு ஏற்றபடி பதித்தால் பனி வெறும் வெண்திட்டாகிவிடும். காற்று வீசினால் கிளைகள் அசைந்து படம் கலங்கும். இத்தனை தடைகளையும் மீறி, பனி சுமந்து நிற்கும் சிம்லாவின் தேவதாரு மரங்களை இலை நுனியும் தெரியுமாறு போர்ன் படமாக்கினார். அத்தெளிவுக்குப் பின்னே, காற்று அடங்கும்வரை காத்திருந்த பொறுமை இருக்கிறது.

மூன்று பயணங்கள்

1863ஆம் ஆண்டு சூலை இறுதியில் போர்ன் தம் முதல் இமயப் பயணத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ முப்பது சுமைப் பணியாளர்கள் உடன் சென்றனர். சட்லெச் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சீனி என்னும் ஊரையும் அதற்கு அப்பாலுள்ள மலைகளையும் நோக்கிச் சென்ற அப்பயணம் பத்து வாரங்கள் நீடித்தது. 15,000 அடிக்கும் மேல் உயர்ந்த கணவாயையும் அவர் கடந்தார். தொடக்கத்தில் இமயம் அவருக்கு வியப்பை மட்டுமன்றித் திகைப்பையும் தந்தது. இங்கிலாந்தின் ஏரியும் குன்றும் சிற்றோடையும் ஒரு சட்டத்துக்குள் அழகாக அடங்குபவை. இமயமோ எந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்க மறுத்தது. தாம் கற்றுவந்த அழகின் இலக்கணம் இம்மலைக்குப் போதவில்லை என்பதை அவர் உணர்ந்தார். அக்டோபரில் சிம்லா திரும்பியபோது, சுமார் 150 எதிர்மறைத் தகடுகள் அவரிடம் இருந்தன.

1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புறப்பட்ட இரண்டாம் பயணம் காங்கிரா, சம்பா வழியாகக் காஷ்மீரை அடைந்தது. நீரும் மரமும் மலையும் இணைந்து தோன்றும் காஷ்மீர் அவர் தேடிய அழகைத் தந்தது. சீலம் ஆற்றின் மரப்பாலங்கள், கரையோர வீடுகள், இருபுறமும் நெட்டிலிங்க மரங்கள்போல் உயர்ந்து நிற்கும் பாப்ளர் மரங்களுக்கு இடையே செல்லும் சாலை எனச் சிரீநகரின் அன்றாடத் தோற்றங்களை அவர் பதிவு செய்தார். ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பின், டிசம்பர் மாதக் குளிரில் அவர் சிம்லாவுக்குத் திரும்பினார்.

மூன்றாம் பயணமே அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. 1866 சூலையில் தொடங்கிய அப்பயணத்தில் மருத்துவர் பிளேபேர் என்பவர் சிறிது காலம் உடன் சென்றார். சுமைப் பணியாளர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ எண்பதாக உயர்ந்தது. குலு, லாகுல், சுபிதி ஆகிய பள்ளத்தாக்குகளைக் கடந்து மானிரங் கணவாயை அவர்கள் அடைந்தனர். அதன் உயரத்தை 18,600 அடி என்று போர்ன் குறித்துள்ளார். கோடையிலும் பனி விலகாத அவ்விடத்தில், மூச்சுத் திணறலுக்கும் குளிருக்கும் நடுவே கூடாரம் அடித்து அவர் படமெடுத்தார். அவ்வளவு உயரத்தில் அதற்குமுன் எவரும் ஒளிப்படம் எடுத்ததில்லை எனக் கருதப்படுகிறது. பல ஆண்டுகள்வரை அச்சாதனையை எவரும் விஞ்சவில்லை.

அப்பயணத்திலேயே கங்கோத்திரிப் பனியாற்றின் முகப்பையும், அங்கிருந்து கங்கையின் முதல் நீர் பெருகி வரும் பனிக்குகையையும் அவர் படமாக்கினார். நாட்டின் கோடிக்கணக்கான மக்கள் செவிவழியாக மட்டுமே அறிந்திருந்த ஓர் ஆற்றின் பிறப்பிடம் அவ்வாறு கண்ணாடித் தகட்டில் பதிந்தது. அவ்வாண்டு இறுதியில் பயணம் நிறைவுற்றது.

சுமந்த தோள்கள்

இப்பயணங்களைப் பற்றி இங்கிலாந்தின் ஒளிப்பட இதழ் ஒன்றில் போர்ன் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் எழுதினார். மலையின் அழகையும் படமெடுப்பதன் இடர்களையும் அவை விரிவாகக் கூறுகின்றன. சுமைப் பணியாளர்களை அவர் நடத்திய விதத்தையும் அவையே வெளிப்படுத்துகின்றன. குளிருக்கும் பாதையின் கொடுமைக்கும் அஞ்சிச் சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர்களைத் தேடிப்பிடித்துக் கோலால் அடித்ததை அவரே எழுதியுள்ளார். அதனைத் தவறென அவர் கருதவில்லை. ஆளும் இனத்தவருக்குரிய உரிமையாகவே அதனைக் கொண்டார்.

அப்பணியாளர்களின் பக்கம் நின்று நோக்கினால் அக்காட்சி வேறாகத் தோன்றும். அவர்களுள் பெரும்பாலோர் வழியிலுள்ள சிற்றூர்களின் உழவர்கள், ஆடு மேய்ப்போர். அரசின் ஆணையைக் காட்டினால் ஊர்த்தலைவர் ஆட்களை அனுப்பியாக வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. விதைப்பு, அறுவடை எனக் காலம் பாராது வீட்டை விட்டு வர வேண்டியிருந்தது. தடித்த கம்பளியும் தோற்காலணியும் அணிந்தவர் கருவியின் பின்னே நின்றார். அவற்றில் எதுவும் போதிய அளவில் இல்லாதவர்கள் கண்ணாடிப் பெட்டிகளைச் சுமந்து நின்றனர். ஒருவர் கால் இடறினால் பல நாள் உழைப்பும் நொறுங்கிவிடும். அத்தனை தகடுகளும் உடையாமல் சிம்லா வந்து சேர்ந்ததில் அவர்களுடைய கால்களின் திறனுக்கும் பங்குண்டு.

போர்னின் எதிர்மறைத் தகடுகளில் வரிசை எண்ணும் அவருடைய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். சுமந்தவர்களின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. சில படங்களில் பனிப்பரப்பின் நடுவே மனித உருவங்கள் சிறு புள்ளிகளாகத் தென்படுகின்றன. மலையின் பேரளவைக் காட்டுவதற்கு அவ்வுருவங்கள் பயன்பட்டன. இன்று அப்படங்களைக் காண்போர் அப்புள்ளிகளிடமும் சிறிது நேரம் நின்று பார்த்தல் வேண்டும்.

ஊதியமின்றியும் விருப்பமின்றியும் வாங்கப்பட்ட இவ்வகை உழைப்பை இமயமலை மக்கள் பேகார் என அழைத்தனர். அதற்கெதிரான எதிர்ப்பு மெல்ல வளர்ந்தது. 1921ஆம் ஆண்டு சனவரியில், நாம் பொங்கல் கொண்டாடும் அதே மகர சங்கராந்தித் திருவிழாவில், குமாவுன் பகுதியின் பாகேசுவரத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். யார் யார் சுமக்க வேண்டும் என்று எழுதிவைக்கப்பட்டிருந்த பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினர். போர்னின் கட்டுரைகளில் ஓடிப்போனவர்கள் என்று குறிக்கப்பட்டோரைப் போன்ற மலைமக்களின் பிற்காலத் தலைமுறையினர், இனிச் சுமக்கமாட்டோம் என்று நேர்நின்று அறிவித்த நாள் அது.

தென்னாட்டுக் காட்சிகள்

1867இல் இங்கிலாந்து சென்று மேரி டோலி என்பவரை மணந்துகொண்ட போர்ன், மீண்டும் இந்தியா திரும்பினார். 1860களின் இறுதியில் அவர் தென்னிந்தியாவுக்கு வந்தார். நீலகிரியின் உதகமண்டலத்தையும், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகிய நகரங்களின் கோயில்களையும் படமெடுத்தார்.

தமிழகத்துக் கோயில்களை ஒளிப்படமாக்கியவர்களுள் அவர் முதல்வர் அல்லர். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய இலின்னேயசு டிரைப், 1858ஆம் ஆண்டிலேயே தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையின் கட்டடங்களையும் பதிவு செய்திருந்தார். எனினும் இமயத்தில் பழகிய கண்ணோடு போர்ன் உதகையைக் கண்டார். இமயத்தின் நிலைபேறான பனி நீலகிரியில் இல்லை. ஆயினும் டிசம்பர், சனவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உதகையின் புல்வெளிகளில் உறைபனி படிவதுண்டு. கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் அது உருகிவிடும். ஒளிப்படம் பற்றிக்கொள்ள விழைவது இவ்வாறு நில்லாமல் மறையும் தோற்றங்களையே.

கோயில்களைப் பதிவு செய்யும் பணி பின்னாளில் புதுச்சேரியிலும் வேரூன்றியது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பல்லாண்டுகளாக ஒளிப்படமாக்கிப் பெரும் தொகுப்பாகப் பேணி வருகிறது. சம்பந்தரால் பாடப்பெற்ற திருவடுகூர் என்னும் பழந்தலமே இன்றைய திருவாண்டார்கோயில். இத்தகைய தொன்மையான ஊர்களின் கற்றளிகள் காலத்தால் மாறும்போது, முன்பு அவை எவ்வாறு இருந்தன என்பதற்கு ஒளிப்படமே கண்கண்ட சான்றாகிறது.

இறுதிக்காலம்

1870ஆம் ஆண்டளவில் போர்ன் இந்தியாவை விட்டு நிலையாக இங்கிலாந்து திரும்பினார். ஏழு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்மறைத் தகடுகளை அவர் உருவாக்கியிருந்தார். அடுத்த ஆண்டே ஒளிப்படக்கலையில் பெருமாற்றம் ஒன்று தோன்றியது. 1871இல் ரிச்சர்டு மேடாக்சு என்னும் ஆங்கிலேய மருத்துவர், கூழ்மப் பசை பூசிய உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அம்முறை பின்னர் செம்மையடைந்தபோது, மலையுச்சிக்கு இருட்டறையைச் சுமந்து செல்லும் தேவை நீங்கியது. போர்னின் சாதனைகள் அனைத்தும் அவ்வசதி தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்தவை.

நாட்டிங்காமில் மைத்துனரோடு சேர்ந்து பருத்தி நூல் தொழில் நடத்தினார். நகரின் நடுவராகவும் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் தொடங்கிய நிறுவனம் கல்கத்தாவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1911ஆம் ஆண்டு தில்லி முடிசூட்டு விழாவை அரசின் சார்பில் படமெடுக்கும் பொறுப்பும் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1991இல் நேர்ந்த தீ விபத்தில் அதன் பழந்தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது. 2016இல் நிறுவனம் மூடப்பட்டது. உலகின் பல அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் பாதுகாக்கப்பட்டுள்ள அச்சுப் படங்களின் வழியாகப் போர்னின் இமயம் இன்றும் வாழ்கிறது.

படம் சொல்லும் சான்று

அழகுக்காக எடுக்கப்பட்ட படம் பிற்காலத்தில் அறிவியலுக்கும் உதவுகிறது. கங்கோத்திரிப் பனியாற்றின் முகப்பை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1935இல் அளந்து வரைபடமாக்கியது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் அம்முகப்பு எத்தோற்றத்தில் இருந்தது என்பதைப் போர்னின் படம் காட்டுகிறது. அன்று முதல் அப்பனியாறு தொடர்ந்து பின்வாங்கி வருகிறது. புவி வெப்பமடைவதைப் பற்றி ஆராய்வோர்க்குப் பழைய பனிப்படங்கள் பேசும் ஆவணங்களாகின்றன.

அதே படங்கள் மற்றோர் உண்மைக்கும் சான்றாகின்றன. குளிரில் நின்று காத்திருந்த கலைஞரின் உழைப்பு பாராட்டுக்குரியது. வங்கிப் பணியைத் துறந்து, மொழியும் நிலமும் புதியதான நாட்டில், உறையும் விரல்களோடு அவர் படைத்த அழகை எவரும் மறுக்க இயலாது. அவ்வழகுக்காகப் பிறர் பட்ட துன்பத்தையும் அடியையும் மறைப்பதும் முறையன்று. ஒன்றுக்காக மற்றொன்றை மறுக்காமல் இரண்டையும் ஒருசேரக் காணும் பார்வையே வரலாற்றைக் கற்பவர்க்கு வேண்டுவது. ஒளிபட்ட இடமும் நிழல்பட்ட இடமும் சேர்ந்தே ஓர் ஒளிப்படம் உருவாகிறது. மனிதரின் வாழ்க்கை வரலாறும் அத்தகையதே.

கற்பவை கற்றபின்

1. ஈரத் தகட்டு முறையில் ஒளிப்படம் உருவாகும் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.

2. உங்கள் ஊரில் பனிக்காலத்து அதிகாலையில் உழைப்போரின் ஒப்புதலைப் பெற்று, அவர்களை ஒளிப்படம் எடுத்து, அவர்களுடைய பணியை விளக்கும் குறிப்புகளுடன் வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. கலைப்படைப்பைப் போற்றும்போது படைப்பாளியின் நடத்தையையும் கருத்தில் கொள்ள வேண்டுமா? குழுவாகக் கலந்துரையாடுக.